அக்கம்பக்கம் சொன்ன சாட்சி

என் மகன் நன்றாக இருக்கிறான் என்று அரசாங்கம் ஒருமுறை எழுதி வைத்தது. மைசூர் தாலுகா ஆபீசில் குமாஸ்தாவின் மேஜைக்கு முன்னால் நின்றுகொண்டு அதைக் கேட்டேன். கோப்பைப் பிரித்து அவர் கன்னடத்தில் வாசித்தார். நேரில் போய் விசாரித்ததில் குழந்தை ஆரோக்கியமாக இருக்கிறது, நன்றாகப் பேசுகிறது, பள்ளிக்கூடம் போகிறது என்று அக்கம்பக்கத்தார் ஐந்து பேர் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே ஊனமுற்றோர் உதவித்தொகை கேட்கும் மனுவைத் தள்ளுபடி செய்யலாம்.

"சந்தோஷப்படுங்கம்மா, பையன் நல்லாத்தான் இருக்கான்" என்றார் குமாஸ்தா. பிறகு குரலைத் தாழ்த்தி, டாக்டர் சர்டிபிகேட்டை யாரிடம் காசு கொடுத்து வாங்கினேன் என்று கேட்டார்.

எனக்குக் கோபம் சட்டென்று வரும். அன்று அதுவும் வரவில்லை. ஐந்தாறு வருஷமாக யாராவது என் பிள்ளையைப் பற்றி இப்படிச் சொல்ல மாட்டார்களா என்று கோயில் கோயிலாக அலைந்தவள் நான். மாதேஸ்வரன் மலையில் அவனுக்கு இரண்டு முறை மொட்டை போட்டு வேண்டியதும் இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான். அது இப்போது ஒரு பழுப்புக் காகிதத்தில், முத்திரையோடு, என் பிழைப்பைக் கெடுக்க வந்து நின்றது.

தொண்ணூறுகளின் பின்பாதி அது. நான் சத்தியமங்கலத்துப் பக்கம் பிறந்தவள். கல்யாணமாகி மைசூருக்கு வந்தேன். என் வீட்டுக்காரருடைய சொந்த ஊர் ஹனூர். நஞ்சன்கூட்டில் ஒரு தொழிற்சாலையில் அவருக்கு வேலை, காலை ரயிலில் போய் மாலை ரயிலில் வருவார். அவருடைய தங்கையும் எங்களோடு இருந்தாள். கோர்ட்டுப் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் டைப் அடித்துக்கொண்டிருந்தாள். ஒரே முற்றத்தைச் சுற்றி ஆறு வீடுகள், ஒரே குழாய், ஒரே வெளிக்கதவு. அந்த மாதிரிக் குடியிருப்பைக் கன்னடத்தில் வட்டாரா என்பார்கள். அதில் மூன்றாவது வீடு எங்களுடையது.

மகன் ஒருவன்தான். ஒன்றரை வயதில் அம்மா, தண்ணி, காக்கா என்று நாலைந்து சொற்கள் சொன்னான். இரண்டு வயதில் அவற்றையும் நிறுத்திக்கொண்டான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டான். பக்கத்து அறையில் சர்க்கரை டப்பாவைத் திறந்தால் ஓடி வருவான். காதில் கோளாறு இல்லை என்று அப்படித்தான் எனக்குத் தெரிந்தது. ஊரில் இருக்கிற டாக்டர்களையெல்லாம் பார்த்து முடித்த பிறகு, அவனுக்கு ஐந்து வயதாகும்போது ஒரு டாக்டரம்மா ஆட்டிசம் என்றார். நான் கேட்ட முதல் கேள்வி, இது எத்தனை நாளில் சரியாகும் என்பது. அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னை உட்காரச் சொன்னார்.

அவனைப் போன்ற பிள்ளைகளுக்கென்று ஊரில் ஒரு சின்னப் பள்ளிக்கூடம் இருந்தது. போய்ப் பார்த்தேன். ஒரு டீச்சர், ஒரு பையனுக்குச் சட்டைப் பொத்தான் போடக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். ஒரே பொத்தானை அரை மணி நேரம். அவர் முகத்தில் ஒரு சலிப்பும் இல்லை. என் பிள்ளைக்கு இந்த அம்மா கிடைத்தால் போதும் என்று நினைத்தேன். ஆனால் சம்பளமும் வேன் செலவும் எங்கள் கைக்கு எட்டாதவை. பள்ளிக்கூட ஆபீசில் இருந்தவர் வழி சொன்னார். அரசாங்கத்தின் உதவித்தொகை உத்தரவு ஒன்று கையில் இருந்தால், மீதியை அவர்களுடைய டிரஸ்டே பார்த்துக்கொள்ளும். எட்டு வயதுக்கு மேல் புதிதாகச் சேர்ப்பதில்லை. ஜூனில் ஓர் இடம் காலியாகிறது. என் மகனுக்கு ஜூலையில் எட்டு முடிகிறது.

உத்தரவுக்கு மனு, மனுவோடு வருமானச் சான்று, ரேஷன் கார்டு நகல், போட்டோ, டாக்டர் சர்டிபிகேட். சர்டிபிகேட்டுக்காக மறுபடி அந்த டாக்டரம்மாவிடம் போனபோது, புத்திமாந்தியம் என்று எழுதப் போகிறேன் என்றார். நான் சண்டைக்குப் போனேன். அவனுக்குப் புத்தியில் ஒரு குறையும் இல்லை, வீட்டில் எந்தச் சாமான் எங்கே இருக்கிறதென்று என்னைவிட அவனுக்குத்தான் தெரியும் என்றேன்.

"அம்மா, இந்த ஃபாரத்துல கண்ணு, காது, கை கால், புத்தி, இவ்வளவுதான் இருக்கு. உங்க பையனுக்கு இருக்கறது இதுல இல்ல. நான் சரியா எழுதினா உங்களுக்கு ஒண்ணும் கிடைக்காது. தப்பா எழுதினா கிடைக்கும். எப்படி எழுதட்டும், நீங்களே சொல்லுங்க" என்றார்.

தப்பாகவே எழுதுங்கள் என்றேன். எழுதியதை வாங்கி, நாலாக மடித்து, வீடு வரும் வரைக்கும் பிரித்துப் பார்க்காமல் வைத்திருந்தேன்.

இவ்வளவும் செய்து கொடுத்த மனுதான் தள்ளுபடி ஆகப் போகிறது. ஆட்சேபம் இருந்தால் பதினைந்து நாளில் எழுதிக் கொடுங்கள் என்றார் குமாஸ்தா. அக்கம்பக்கத்தார் ஐந்து பேர் யார் யார் என்று கேட்டேன். பெயர்களைப் படித்தார். ஐந்தும் எங்கள் முற்றத்தில் இருப்பவர்கள்.

பஸ்ஸில் வரும்போது கோபம் வந்து சேர்ந்தது. குழாயடியில் கண்டக்டர் வீட்டு அக்கா குடத்தை நிரப்பிக்கொண்டிருந்தார். கன்னடக்காரர், நாங்கள் குடிவந்த நாளிலிருந்து எங்கள் பக்கத்து வீடு. அவர் கன்னடத்தில் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன்.

"அக்கா, யாராவது வந்து என் பையனைப் பத்தி விசாரிச்சாங்களா?"

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "வந்தானே. போன வாரம், நீ மாவு அரைக்கப் போயிருந்தே. கையில ஒரு பை, கக்கத்துல குடை. மூணாவது வீட்டுல ஒரு குழந்தை இருக்குதாமே, அது பேசுமா, புத்தி எப்படின்னு கேட்டான். எனக்குப் பார்த்ததுமே தெரிஞ்சு போச்சு. என்ன சொல்லணுமோ சொல்லி அனுப்பிட்டேன். நீ கவலைப்படாதே."

"யாருன்னு நினைச்சீங்க?"

"யாரு, சாமராஜநகர்க்காரங்க அனுப்பின ஆள்தான்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. என் நாத்தனாருக்குச் சாமராஜநகரில் ஒரு வரன் பேசிக்கொண்டிருந்தோம். மாப்பிள்ளைக்குச் சொந்தமாக உரக்கடை. ஜாதகம் பொருந்திவிட்டது. பெண் பார்க்க வருவதற்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டார் ஓர் ஆளை அனுப்பி, தெருவில் நாலு பேரிடம் குடும்பம் எப்படி என்று சாடையாக விசாரிப்பது எங்களவர் வழக்கம். அந்த ஆள் தான் யார் என்று சொல்ல மாட்டான். விசாரிக்கப்படுகிறவர்களும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டார்கள். தாலுகா ஆபீசிலிருந்து விசாரிக்க வந்த ரெவின்யூ இன்ஸ்பெக்டரும் தான் யாரென்று சொல்லாமல்தான் கேட்டிருக்கிறார். அப்போதுதான் உண்மை வருமென்று அவருக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். முற்றத்துக்கே வரன் விஷயம் தெரியும். ஆறு வீட்டுக்கு ஒரே குழாய் இருக்கிற இடத்தில் எதை மறைக்க முடியும்.

மேஸ்திரி வீட்டம்மாவும் வந்து சேர்ந்துகொண்டார். தர்மபுரிப் பக்கத்துத் தமிழர். "நான் வாய்ப்பாடு சொல்றான்னே சொல்லிட்டேன் கண்ணு. பதினாறாம் வாய்ப்பாடு வரைக்கும். சொல்றதுதான் சொல்றோம், குறைச்சு எதுக்குச் சொல்லணும்?"

நான் குழாயடிக் கல்லில் உட்கார்ந்துவிட்டேன். கோபப்படுவதற்கு ஆள் இல்லாமல் போய்விட்டது. அது மட்டும் காரணம் இல்லை. என் மகனைப் பற்றி இந்த முற்றத்தில் யாருக்கும் முழுதாகத் தெரியாது என்று நான் நினைத்திருந்தேன். கொஞ்சம் தாமதமாகப் பேசுவான் என்று சொல்லி வைத்திருந்தேன். யாராவது வந்தால் அவனைக் கூட்டிக்கொண்டு பார்க்குக்குப் போய்விடுவேன். எல்லாவற்றையும் சாமர்த்தியமாக மறைத்துவிட்டதாக எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது. இவர்களோ எல்லாம் தெரிந்துகொண்டு, நான் மறைப்பதற்கு ஒத்தாசை செய்துகொண்டிருந்திருக்கிறார்கள். வெட்கமாக இருந்தது.

சாயங்காலம் வீட்டுக்காரரிடம் சொன்னேன். சட்டையைக் கழற்றாமல் அப்படியே நின்று கேட்டார்.

"எழுதுனது நல்லதாப் போச்சுன்னு நெனச்சுக்க. வர்ற ஞாயித்துக்கெழமை அவங்க பொண்ணுப் பாக்க வர்றாங்க. இப்பப் போயி நாமளே ஊரைக் கூட்டி, என்ற பையன் இப்படின்னு எழுதி வாங்குனா, அது சாமராஜநகர் போய்ச் சேர எத்தன நேரமாவும்? வம்சத்துலயே இருக்குதும்பாங்க. கண்ணாலம் முடியட்டும். அடுத்த வருசம் எழுதிப் போடலாம்."

"அடுத்த வருசம் அந்தப் பள்ளிக்கூடத்துல சேத்துக்க மாட்டாங்க. சொன்னனல்லங்க."

"என்ற தங்கச்சிக்கு இருவத்தஞ்சு ஆவுது."

"உங்க தங்கச்சிக்கு வேற மாப்ள வருவாங்க. இவனுக்கு இந்த ஊர்ல வேற பள்ளிக்கூடம் இருந்தாக் காட்டுங்க."

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். கெட்ட மனிதர் இல்லை அவர். ஜன்னலோரம் உட்கார மகனுக்குப் பிடிக்கும் என்பதற்காகவே விடுமுறை நாளில் அவனை நஞ்சன்கூடு வரைக்கும் ரயிலில் கூட்டிப்போய், இறங்காமலே திரும்பக் கூட்டி வருகிறவர். தங்கையைப் பத்து வயதிலிருந்து வளர்த்தவரும் அவர்தான். இரண்டு பேரில் ஒருவரை அவரிடமிருந்து பிடுங்குகிற மாதிரி நான் பேசினேன். நாங்கள் இருந்தது ஒன்றரை அறை. பீரோவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து என் நாத்தனார் மகனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். நான் சொன்னது அவள் காதில் விழாமல் இருக்க வழியே இல்லை.

மறுநாள் நான் தாலுகா ஆபீசுக்குப் போனேன். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் போங்கள் அண்ணி என்றுதான் சொல்லியிருப்பாள், அது தெரிந்துதான் கேட்காமல் போனேன். ஆபீஸ் வாசலில் மரத்தடியில் மனு எழுதுகிறவரிடம் விவரத்தைச் சொன்னேன். எல்லாவற்றையும் எழுதிவிட்டு, அக்கம்பக்கத்தார் ஏன் பொய் சொன்னார்கள் என்பதற்குக் காரணம் எழுத வேண்டுமே என்றார். எங்கள் மேல் இருக்கிற பிரியத்தால் என்று எழுதுங்கள் என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தவறான புரிதலால் என்று எழுதினார்.

இன்ஸ்பெக்டர் வியாழக்கிழமை மறுபடி வருவதாக முடிவாயிற்று. இந்த முறை மஹஜர் எழுதுவாராம். அதாவது, எல்லார் முன்னாலும் விசாரித்து, சொன்னதை அங்கேயே எழுதி, படித்துக் காட்டி, ஐந்து சாட்சிகளிடம் கையெழுத்து வாங்குவது. நான் முற்றத்தில் எல்லா வீட்டுக்கும் போய், வருகிற ஆள் யாரென்று சொன்னேன். வரன் என்ன ஆகும் என்று எல்லாரும் கேட்டார்கள். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று பொய் சொன்னேன்.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு, அதே பையும் குடையுமாக வந்தார். எங்கள் வீட்டு நாற்காலியை முற்றத்தில் போட்டேன். மகன் வீட்டுப் படியில் உட்கார்ந்து, கதவின் கொண்டியை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டிருந்தான். நாத்தனார் அன்று வேலைக்குப் போகாமல் உள்ளேயே இருந்தாள்.

"போன தடவை கேட்டப்போ பேசறான்னு சொன்னீங்க. இப்பச் சொல்லுங்க, இந்தக் குழந்தை பேசுமா?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

கண்டக்டர் வீட்டு அக்கா என் முகத்தைப் பார்த்தார். மேஸ்திரி வீட்டம்மா தலையைக் குனிந்துகொண்டார். அவர்களுக்கு என்ன வேண்டுமென்று எனக்குப் புரிந்தது. ஒரு பிள்ளையை அவன் தாயின் கண் முன்னால் குறை சொல்ல அவர்களுக்கு நா எழவில்லை.

"சொல்லுங்க அக்கா. பேச மாட்டான்னு சொல்லுங்க" என்றேன். அந்த வாக்கியத்தை நானும் அதுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை.

அக்கா மெதுவாக ஆரம்பித்தார். "பேச மாட்டான் சார். குக்கர் சத்தம் கேட்டா சுவத்துல மண்டையை இடிச்சுக்குவான். அதனால நான் காலையில அவன் முழிக்கறதுக்கு முன்னாலயே சமையலை முடிச்சிடறேன். இல்லேன்னா சட்டியில வடிச்சிடறது."

எனக்கு அது தெரியாது. அக்கா ஐந்து மணிக்கே எழுந்து சமைப்பது கண்டக்டருடைய டியூட்டிக்காக என்று நினைத்திருந்தேன்.

மேஸ்திரி வீட்டம்மா சொன்னார்: "ஒருக்கா ரோட்டுல நடுவுல போய் நின்னுட்டான் சார், லாரி பிரேக் போட்டுது. இந்தப் பொண்ணுகிட்டச் சொல்லல. பயந்துக்கும். அன்னைக்கே எங்க வூட்டுக்காரரு வெளிக்கதவுல ஒசரமா ஒரு தாழ்ப்பாள் போட்டாரு. மாடு உள்ள வருதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டோம்."

முதல் வீட்டில் ரிடையரான போஸ்ட்மேன் ஒருவர் இருந்தார். தினம் நாலு மணியிலிருந்து ஆறு மணிவரை வெளிக்கதவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். போகிற வருகிறவர்களை வேடிக்கை பார்க்கிறார், வேறு வேலையில்லை என்று நானே கேலி பேசியிருக்கிறேன். அவர் எழுந்து நின்று சொன்னார். அந்த இரண்டு மணி நேரம் அந்தத் தாய் சமையல் வேலையில் இருப்பாள், பையன் அப்போதுதான் வெளியே ஓடப் பார்ப்பான், அதனால்தான் அங்கே உட்காருகிறேன் என்று. இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டார். நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். அழுதால் மகன் பயந்துவிடுவான் என்பதால் அடக்கிக்கொண்டேனே தவிர, வேறு எதற்காகவும் இல்லை.

எழுதி முடித்து உரக்கப் படித்துக் காட்டினார். மேற்படி குழந்தைக்குப் பேச்சு இல்லை, ஆபத்து தெரியாது, தனியாக விட முடியாது. மகன் கொண்டியை ஆட்டுவதை நிறுத்தவில்லை. கையெழுத்து வாங்கும்போது நாலு பேர்தான் இருந்தார்கள். மற்றவர்கள் வேலைக்குப் போயிருந்தார்கள், ஆறாவது வீடு பூட்டியிருந்தது. அவர்கள் விசேஷத்துக்கு நஞ்சன்கூடு போயிருந்தார்கள். ஐந்து பேர் வேண்டும், தாய் தகப்பன் கூடாது, இல்லையென்றால் இன்னொரு நாள்தான் வர வேண்டும் என்றார் இன்ஸ்பெக்டர். இன்னொரு நாள் என்றால் எப்போது என்று கேட்டேன். மாதக் கடைசிக்கு மேல் என்றார். பதினைந்து நாள் கெடு அதற்குள் முடிந்துவிடும், மஹஜர் இல்லாமல் என் ஆட்சேபம் செல்லாது.

உள்ளேயிருந்து என் நாத்தனார் வந்தாள். முகம் கழுவி, தலை வாரியிருந்தாள். நேராக நாற்காலிக்குப் பக்கத்தில் போய்ப் பேனாவுக்குக் கை நீட்டினாள்.

"நீங்க யாரு?"

"அவனோட அத்தை."

கண்டக்டர் வீட்டு அக்கா, "வேண்டாம்மா, நீ போடாதே" என்று அவள் கையைப் பிடித்தார். ஞாயிற்றுக்கிழமை வரப்போகிறவர்களை நினைத்துத்தான் சொன்னார். நானும் அதையே சொல்லியிருக்க வேண்டும். பேனாவும் காகிதமும் அவ்வளவு பக்கத்தில் இருந்தன, நான் சொல்லவில்லை. நாத்தனார் கையை விடுவித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். டைப் அடிக்கிறவள், காகிதத்தை நேராக வைத்து, கோட்டுக்கு மேலே, முழுப் பெயரையும் எழுதினாள்.

ஞாயிற்றுக்கிழமை யாரும் வரவில்லை. செவ்வாய்க்கிழமை தபாலில் ஜாதகம் திரும்பி வந்தது. பொருத்தம் பார்த்ததில் ஏதோ விட்டுப்போய்விட்டதாம். வீட்டுக்காரர் அந்தக் கவரை என் கையில் கொடுத்துவிட்டு ரயிலுக்குப் போய்விட்டார். ஒரு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை. மே மாதக் கடைசியில் உத்தரவு வந்தது. அதை நான் பள்ளிக்கூடத்தில் கொடுக்கப் போன அன்று, அவரும் லீவு போட்டுவிட்டுக் கூட வந்தார். டீச்சர் மகனுடைய சட்டையில் முதல் பொத்தானைக் கழற்றி, அவன் விரலைப் பிடித்து அதன் மேல் வைத்தார்.

நாத்தனாரிடம் நான் மன்னிப்புக் கேட்கவே இல்லை. பலமுறை வாய் வரைக்கும் வந்தது. கேட்டால், என் மகன் அவளுக்குச் செய்த ஒரு தீங்கு என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். அவளும் அதைப் பற்றிப் பேசியதில்லை. ஒரே ஒரு முறை, அவனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டே, "அண்ணி, இனிமே யாராச்சும் பொண்ணுப் பாக்க வந்தா இவனப் பார்க்குக்குக் கூட்டிட்டுப் போயிராதீங்க" என்றாள்.

அதற்குப் பிறகு இரண்டு வருஷத்தில் மூன்று பேர் வந்தார்கள். ஒவ்வொரு முறையும் பட்டுப்புடவை கட்டி, பூ வைத்து, முதலில் அவள் மகனைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்து, வந்திருப்பவர்களுக்கு எதிரே பாயில் உட்கார வைத்தாள். அவனுடைய பெயரைச் சொன்னாள். அதன் பிறகுதான் உள்ளே போய்க் காபித் தட்டை எடுத்து வந்தாள்.